மொனாக்கோவில் ஒரு சுற்று பாக்கி

2023 ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி ஒன்பது மணி இருக்கும். தட்டை மடியில் வைத்துக்கொண்டு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைய முடிவிடம் புய் த டோம், அணைந்துபோன ஓர் எரிமலை. அதைச் சுற்றிச் சுற்றி ஏறும் சாலையில் கடைசி நாலு கிலோமீட்டருக்குப் பார்வையாளர்களை விடவில்லை. மலையின் இயற்கையைக் காப்பாற்ற வேண்டும் என்று தடை. ஒரு கொடி இல்லை, கத்தல் இல்லை. வெறும் சாலையில் ஒருவர் தலையைத் தொங்கப்போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்.

அம்மா எட்டிப் பார்த்தார். "ஏண்டா, ஒருத்தரும் பாக்க வரலையா?"

"வரக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கம்மா."

"அப்புறம் நீ மட்டும் எதுக்குப் பாக்குற?"

நியாயமான கேள்விதான். அம்மாவிடம் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். நான் பார்த்துக்கொண்டிருந்தது அன்றைய பந்தயத்தை மட்டுமில்லை. 59 வருஷத்துக்கு முன் இதே சாலையில் ஐந்து லட்சம் பேர் திரண்டதாகச் சொல்வார்கள். அன்றைக்கு இரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஏறினார்கள். அதில் ஒருவரின் ஊர் சேன் லெயோனார் த நோப்லா. 2023இல் அந்த ஸ்டேஜ், அதாவது அன்றைய நாளின் ஓட்டம், கிளம்பியதே அந்த ஊரிலிருந்துதான். ஊரில் கிளப்பி எரிமலையில் முடித்து, இறந்துபோன ஒரு மனிதருக்கு 182 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு மரியாதை.

அவர் ரேமோன் பூலிதோர். பிரான்ஸ்காரர்களுக்குச் செல்லமாக 'பூப்பூ'.

டூர் பார்க்காதவர்களுக்காக விதியை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரம், தினம் ஒரு ஸ்டேஜ். ஒவ்வொரு நாளும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். மொத்தத்தில் யாருக்குக் குறைவோ அவர் மறுநாள் மஞ்சள் ஜெர்சி போட்டுக்கொண்டு ஓட்டலாம். கடைசி நாள் மஞ்சள் யாரிடமோ அவரே சாம்பியன். ஒரு ஸ்டேஜ்கூட ஜெயிக்காமல் டூரை ஜெயித்தவர்களும் உண்டு. இது போக, ஸ்டேஜில் முதலில் வருபவர்களுக்குப் போனஸ் நொடிகள் உண்டு, மொத்த நேரத்திலிருந்து கழித்துக்கொள்வார்கள். 1964இல் முதலிடத்துக்கு முழுசாக ஒரு நிமிடம் போனஸ். இந்த ஒரு நிமிடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூலிதோர் 14 முறை டூர் ஓட்டினார். மூன்று முறை இரண்டாமிடம், ஐந்து முறை மூன்றாமிடம். எட்டு முறை பாரிஸில் மேடை ஏறியவர், மஞ்சள் ஜெர்சியை ஒரு நாள்கூடப் போட்டதில்லை. ஜெயிக்கவில்லை என்பது வேறு. முதல் வாரத்தில் ஏதோ ஒரு நாள், பெயர் தெரியாத யார் யாரோ போட்டுக் கழற்றுகிற ஜெர்சி அது. அவருக்கு அந்த ஒரு நாளும் வாய்க்கவில்லை.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள்: பாவம் பூப்பூ, அதிர்ஷ்டமில்லாதவர். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 1964ஆம் ஆண்டு டூரை ஸ்டேஜ் ஸ்டேஜாக உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்த்தபிறகு அந்த 'பாவம்' எனக்கு ஒட்டவில்லை.

அதற்கு முன் ஆள் யாரென்று கொஞ்சம். 1936இல் நடு பிரான்ஸில் கிரூஸ் என்ற பகுதியில், அடுத்தவர் நிலத்தில் பாடுபட்ட குடும்பத்தில் பிறந்தார். படிப்பைச் சீக்கிரமே விட்டுவிட்டு வயல் வேலை. ராணுவச் சேவைக்குக் கூப்பிட்டபோதுதான் முதன்முதலாக ரயில் ஏறினார். அல்ஜீரியாவில் வண்டி ஓட்டும் வேலை, உடம்பு பெருத்துவிட்டது. திரும்பி வந்து அதை இறக்கி, பந்தயத்தில் இறங்கினார். வயலில் வருஷக்கணக்கில் உழைத்ததைவிட ஒரே பந்தயத்தில் அதிகம் சம்பாதித்தேன் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1960இல் மெர்சியே அணி அவரை எடுத்தது. 1977 வரைக்கும் அதே அணி. ஸ்பான்சர் பெயர்கள் மாறின, அவர் மாறவில்லை.

அணியில் சேர்ந்த அடுத்த வருஷமே, 1961இல், மிலான்–சான் ரெமோ என்ற இத்தாலிய ஒரு நாள் பந்தயத்தை ஜெயித்தார். அதிலும் ஒரு கதை. வழியில் டயர் பஞ்சர். போதும், விட்டுவிடலாம் என்று நின்றவரை அணி மேலாளர் அந்தோனான் மாஞ் அதட்டி ஓட்டச் சொன்னார். ஓட்டினார், ஜெயித்தார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பூலிதோரிடம் பலம் எப்போதும் இருந்தது. அதை எப்போது செலவழிப்பது என்று பக்கத்திலிருந்து ஒருவர் சொல்லவேண்டி இருந்தது. 1962இல் முதல் டூருக்குக் கையில் மாவுக்கட்டோடு வந்து, முதல் நாளே எட்டு நிமிடத்தைத் தொலைத்து, அப்படியும் மூன்றாவதாக முடித்தார். இவ்வளவு பலமுள்ள ஆளை என்னவென்று சொல்வது?

எதிரில் இருந்தவர் ஜாக் ஆங்க்தில். நார்மண்டிக்காரர். பொன்னிறத் தலைமுடியைச் சீவி, பந்தயம் முடிந்த ஐந்தாவது நிமிடமே போட்டோவுக்குத் தயாராக நிற்பார் என்று பேர். 1964 கோடையில் அவர் கையில் ஏற்கெனவே நாலு டூர், அதுவும் போதாமல் ஜூன் மாதம் இத்தாலியின் டூரான ஜீரோவையும் ஜெயித்துவிட்டு வந்திருந்தார். பூலிதோர் அந்த வசந்தத்தில் ஸ்பெயினின் டூரான வுவெல்ட்டாவை ஜெயித்திருந்தார். இந்த மூன்று பெரிய டூர்களில் அவர் வாழ்க்கையில் ஜெயித்தது அது ஒன்றுதான். ஆக இரண்டு பேரும் அரிவாளைத் தீட்டிக்கொண்டுதான் வந்தார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம்.

ஒன்பதாவது ஸ்டேஜ், மொனாக்கோவில் முடிவு. முடிவுக்கோடு ஒரு விளையாட்டு அரங்கத்துக்குள், ஓட்டப்பந்தயத் தடத்தின் மேல். முன்னணிக் கூட்டம் வாசல் வழியாக உள்ளே பாய்ந்தது. பூலிதோர் எல்லாரையும் முந்தி, உயிரைக் கொடுத்து மிதித்து, கோட்டை முதலில் தாண்டிவிட்டார். தாண்டியதும் காலை ஓய்த்துவிட்டார். இன்னும் ஒரு சுற்று பாக்கி இருந்தது.

அவர் நிதானிப்பதற்குள் கூட்டம் அவரைக் கடந்துபோனது. இரண்டாம் முறை கோட்டை முதலில் தாண்டியவர் ஆங்க்தில். ஒரு நிமிடம் போனஸ் அவருக்கு.

கவனியுங்கள், இதில் அதிர்ஷ்டம் எங்கே வந்தது? பஞ்சர் இல்லை, யாரும் குறுக்கே விழவில்லை. எத்தனை சுற்று என்று முந்தின நாளே தாளில் போட்டுக் கொடுத்திருப்பார்கள். கூட ஓட்டிய மற்றவர்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது.

அடுத்தது பதினாலாவது ஸ்டேஜ், அண்டோராவிலிருந்து துலூஸ். முந்தின நாள் ஓய்வு நாள். ஆங்க்தில் ஒரு விருந்துக்குப் போய் ஆட்டுக்கறியை ஒரு கை பார்த்துவிட்டு வந்தார். காலையில் கிளம்பினதுமே என்வலீரா மலை. வயிறு கனத்து, முகம் வெளுத்து, உச்சிக்குப் போவதற்குள் நாலு நிமிடம் பின்தங்கிவிட்டார். போதாக்குறைக்கு, அவர் அந்த ஸ்டேஜில் சாவார் என்று ஒரு ஜோசியக்காரர் பத்திரிகையில் ஆரூடம் சொல்லியிருந்தார். டூர் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். இறக்கத்தில் மூடுபனி. முன்னால் போகும் கார்களின் பின்விளக்கை அடையாளம் வைத்துக்கொண்டு ஆங்க்தில் இறங்கிய வேகத்தைப் பற்றிப் பின்னால் எத்தனையோ பேர் எழுதினார்கள். சமவெளியில் முன்னால் இருந்த கூட்டத்தைப் பிடித்தும்விட்டார்.

அதன்பிறகு துலூஸை நெருங்கும் நேரத்தில் பூலிதோரின் சக்கரத்தில் கம்பி உடைந்தது. சைக்கிளை மாற்றினார்கள். மெக்கானிக் ஓடிவந்து பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளினார். தள்ளின தள்ளில் பூலிதோர் குப்புற விழுந்தார். எழுந்து, சங்கிலியைச் சரிசெய்து, ஏறுவதற்குள் கூட்டம் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விட்டது. இரண்டரை நிமிடத்துக்கு மேல் நஷ்டம். சரி, இது துரதிர்ஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். உதவ வந்தவரே தள்ளிவிட்டால் யார் என்ன செய்ய முடியும்? மறுநாள் கோபத்தோடு மலை ஏறி லுஷோனில் தனியாக வந்து ஜெயித்து, இழந்ததில் பெரும்பகுதியை மீட்டார். பயோன் டைம் ட்ரயலில், அதாவது ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கடிகாரத்தோடு போட்டிபோடும் ஸ்டேஜில், மறுபடி பஞ்சர்.

இப்படியாக ஜூலை 12 அன்று புய் த டோம் அடிவாரத்துக்கு வரும்போது ஆங்க்தில் 56 நொடி முன்னால்.

அந்தப் போட்டோவை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். கறுப்பு வெள்ளை. நான் போனில் பெரிதாக்கி எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று தெரியாது. மலைச்சுவர்ப் பக்கம் ஆங்க்தில், வெளிப்பக்கம் பூலிதோர். இரண்டு சைக்கிளுக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி இல்லை. முழங்கை முழங்கையில் இடிக்கிறது, மேல் உடம்பு ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்திருக்கிறது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. சண்டை மாதிரியும் இருக்கும், ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடித்திருக்கிற மாதிரியும் இருக்கும்.

கடைசிக் கிலோமீட்டர்களில் அந்தச் சாலை 12 விழுக்காட்டுக்கும் மேலே ஏறும். நூறு மீட்டர் போனால் பன்னிரண்டு மீட்டர் உயரம். நான் ஏற்காட்டு மலைப்பாதையில் கியர் சைக்கிளில் ஏறியிருக்கிறேன். அதெல்லாம் இதற்குப் பக்கத்தில் வராது, ஆனாலும் நாலாவது கொண்டை ஊசி வளைவிலேயே கூட வந்த நண்பனோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். அந்த நிலையில் பக்கத்தில் ஒருவன் மூச்சு வாங்காமல் வருகிறான் என்றால் மனசு விட்டுப்போகும். ஆங்க்தில் விளையாடியது அந்த மனசில்தான். முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்க, பின்னால் ஒட்டிக்கொண்டு வருவதே சைக்கிள் பந்தயத்தின் பாலபாடம். களைத்திருப்பவர் பின்னால்தான் ஒட்டுவார். ஆங்க்தில் செத்துக்கொண்டிருந்தார், ஆனால் பின்னால் போகவில்லை, பக்கவாட்டிலேயே வந்தார். எனக்கு ஒன்றுமில்லை, நீ வேண்டுமானால் அடித்துப் பார் என்பதுபோல.

பூலிதோர் அதை நம்பினார். முன்னால் ஹூலியோ ஹிமெனெஸ், பஹமோன்தெஸ் என்ற இரண்டு ஸ்பெயின்காரர்கள் கழன்று போனபோது அவர் கூடப் போகவில்லை. ஸ்டேஜ் போனஸ் அந்த இருவருக்குப் போனது. கடைசிக் கிலோமீட்டரில்தான் ஆங்க்தில் தளர்ந்தார். பூலிதோர் அப்போது விலகி ஓடினார், கோட்டில் 42 நொடி சம்பாதித்தார். 56இல் 42 போனால் 14.

மேலே போய்ச் சேர்ந்ததும் ஆங்க்தில் கேட்டது எத்தனை மிச்சம் என்றுதான். 14 என்றார்கள். ஒன்று போதுமே, பதின்மூன்று அதிகம் என்ற மாதிரி பதில் சொன்னாராம். ஜூலை 14இல் பாரிஸில் கடைசி டைம் ட்ரயல். அதில் ஆங்க்திலை வெல்ல அந்தக் காலத்தில் ஆளில்லை. இறுதி வித்தியாசம் 55 நொடி. ஆங்க்தில் ஓட்டிய மொத்த நேரம் 127 மணி, 9 நிமிடம், 44 நொடி.

ஐம்பத்தைந்து நொடி. மொனாக்கோ போனஸ் அறுபது.

இதைக் கண்டுபிடித்தது நான் என்று சொல்லவில்லை. பிரான்ஸில் சைக்கிள் பார்க்கிற எவரும் அறுபது வருஷமாகப் போடுகிற கணக்குதான் இது. நான் சொல்ல வருவது வேறு. துலூஸ் சாலையில் விழுந்ததைப் பற்றி, பஞ்சரைப் பற்றி, ஆங்க்திலின் முழங்கையைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டார்கள். ஒரு சுற்றை எண்ணாமல் விட்டதை மட்டும் சிரித்துக்கொண்டே கடந்துபோகிறார்கள். நமக்குப் பிடித்தவர் தோற்றால் அதற்கு விதி என்று பேர் வைத்துவிடுகிறோம். வயலில் வளர்ந்தவர், வெள்ளந்தி என்று சொல்லி அந்தக் கவனக்குறைவைக்கூட ஒரு குணமாக்கிவிட்டார்கள்.

அடுத்த வருஷங்களை வேகமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கதை ஒரே மாதிரிதான். 1965இல் ஆங்க்தில் வரவே இல்லை. இந்தத் தடவை பூப்பூதான் என்று நாடே காத்திருந்தது. 22 வயது இத்தாலியப் பையன் ஃபெலிச்சே ஜிமோந்தி, அணியில் கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்டவன், ஜெயித்துவிட்டுப் போனான். 1966இல் தான் ஜெயிக்க முடியாது என்று தெரிந்த ஆங்க்தில், தன் அணியின் லூசியான் எமார் ஜெயிக்கத் துணைபோனார். 1967இல் முதல் நாள் குறுகிய டைம் ட்ரயலில் 6 நொடியில் மஞ்சள் போனது. 1968தான் உண்மையிலேயே வயிற்றெரிச்சல்: ஆல்பி போகும் வழியில் பத்திரிகைக்காரர் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து இடித்து, மூக்கு உடைந்து, பந்தயத்தை விட்டார். அதன்பிறகு பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் வந்துவிட்டார். மெர்க்ஸ் வந்தபிறகு யாருக்குமே எதுவும் மிஞ்சவில்லை, பூலிதோரைத் தனியாகக் குறை சொல்ல முடியாது.

1973 தொடக்க நாளில் யூப் ஸூட்டெமெல்க்கிடம் 80 சென்டி நொடியில், அதாவது ஒரு நொடிக்கும் குறைவாக, மஞ்சளை விட்டார். கண் இமைப்பதற்குக் கொஞ்சம் கூடுதலான நேரம்.

எனக்கு அவரிடம் பிடித்த பகுதி அதற்கப்புறம்தான் வருகிறது. அந்த 1973 டூரில் பிரனீஸ் மலை இறக்கத்தில் பள்ளத்தில் விழுந்து தலையில் அடிபட்டு வெளியேறினார். வயது 37. அந்தக் காலத்தில் சைக்கிள்காரர்கள் முப்பத்திரண்டு முப்பத்துமூன்றில் கடையைக் கட்டிவிடுவார்கள். இவர் அடுத்த ஜூலையில் திரும்ப வந்தார். பிளா தாதே மலை ஏற்றத்தில், 38 வயதில், மெர்க்ஸை விட்டுவிட்டுத் தனியாகப் போய் ஜெயித்தார். அந்த டூரில் இரண்டாமிடம். அதே வருஷம் மான்ட்ரியலில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் மறுபடி மெர்க்ஸுக்குப் பின்னால் இரண்டாமிடம். 1972இல் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் கடைசி நாள் மலை டைம் ட்ரயலில் இதே மெர்க்ஸை முந்தி, மொத்தக் கணக்கில் 6 நொடியில் பந்தயத்தையே வென்றிருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1976இல், நாற்பது வயதில், மூன்றாமிடம். ஆங்க்தில் எப்போதோ ஓய்வுபெற்றுப் பண்ணை வீட்டில் இருந்தார்.

ஆங்க்தில் என்றதும் ஒன்று. ஐந்து டூர் ஜெயித்த அந்த மனிதரைப் பல ஊர்களில் விசிலடித்துக் கேலி செய்தார்கள். பூலிதோருக்குக் கைதட்டினார்கள். தேவைக்கு மேல் ஒரு நொடியும் செலவழிக்காத ஆங்க்திலை மரியாதையோடு பார்த்தார்கள், பாசத்தோடு பார்க்கவில்லை. கிராமங்களை விட்டு நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்த பிரான்ஸ், தான் விட்டுவந்த ஊரைப் பூலிதோரின் முகத்தில் பார்த்தது என்று விளக்கம் சொல்வார்கள். இருக்கலாம். எனக்கு இன்னும் எளிமையாகத் தோன்றுவது: 1962 முதல் 1976 வரை, ஒரு வருஷம் தவிர, ஜூலை தோறும் அவர் வீட்டு வாசல் வழியாகப் போனார். முதல் தடவை அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்த குழந்தை, கடைசித் தடவை தன் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு பார்த்திருக்கும். அப்படி வருகிறவரை யார் வெறுப்பார்கள்?

இந்தப் பாசத்துக்குக் காசும் உண்டு. டூர் முடிந்ததும் ஊர் ஊராகக் காட்சிப் பந்தயங்கள் நடக்கும். ஆள் வந்து நின்றாலே பணம். அந்தக் காலத்தில் சைக்கிள்காரர்களின் முக்கிய வருமானமே அதுதான். ஜெயித்தவருக்கு நிகராக, சில நேரம் அதற்கு மேலும், இரண்டாவதாக வந்தவர் கேட்டு வாங்கினார். ஆங்க்திலுக்கு இது உறுத்தியது. பூலிதோர் ஒன்றும் வெள்ளந்தி இல்லை என்பதற்கு எனக்கு இதுவே சாட்சி. காசு விஷயத்தில் அவர் ஒரு சுற்றையும் தவறவிட்டதில்லை.

ஓய்வுபெற்றபின் செய்த வேலைதான் வேடிக்கை. மஞ்சள் ஜெர்சிக்கு ஸ்பான்சரான வங்கியின் தூதராக, வருஷா வருஷம் டூர் கூடவே போனார். சீருடை மஞ்சள் சட்டை. பந்தயத்தில் ஒரு நாளும் கிடைக்காத நிறத்தை, வெள்ளைத் தலைமுடியோடு, ஜூலை முழுக்கப் போட்டுக்கொண்டு நின்றார். மேசை முன்னால் வரிசை கட்டியவர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 2019 ஜூலையிலும் போனார். அந்த நவம்பர் 13 அன்று, 83 வயதில், தன் ஊரிலேயே இறந்தார்.

அவருடைய மாப்பிள்ளை நெதர்லாந்துக்காரர், அத்ரி வான் டெர் பூல். அவரும் சைக்கிள்காரர், 1984இல் ஒரு நாள் மஞ்சள் போட்டவர். மாமனாருக்குக் கிடைக்காதது மாப்பிள்ளைக்கு. பேரன் மத்தியூ வான் டெர் பூல் 2021இல்தான் முதன்முறையாக டூருக்கு வந்தார். தாத்தா போட்ட மெர்சியே அணியின் ஊதாவும் மஞ்சளுமான சட்டையைப் போலவே தைத்துப் போட்டுக்கொண்டு அவர் அணி வந்து நின்றது. முதல் நாளே மஞ்சளை வாங்கிவிடுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். பிரான்ஸின் ஜூலியான் அலாஃபிலிப் தட்டிக்கொண்டு போனார். பேரன் 18 நொடி பின்னால். குடும்ப வழக்கம்தான் என்று நானே முணுமுணுத்தேன்.

இரண்டாம் நாள், ஜூன் 27. மூர் த பிரெத்தாஞ் என்ற குன்று. அன்றைக்கு அதை இரண்டு முறை ஏறவேண்டும். இரண்டாம் தடவைதான் முடிவு. முதல் தடவை உச்சியைத் தொடுபவர்களுக்குக் கொஞ்சம் போனஸ் நொடிகள் மட்டும். சாதாரணமாகப் பெரிய ஆட்கள் அந்த முதல் தடவையில் பலத்தை வீணாக்க மாட்டார்கள்.

மத்தியூ முதல் தடவையிலேயே கூட்டத்தைப் பிய்த்துக்கொண்டு போனார். பைத்தியமா, இன்னும் ஒரு சுற்று இருக்கிறதே என்று நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். உச்சியில் முதலாவதாகத் தொட்டு 8 நொடியை எடுத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோலக் கூட்டத்துக்குள் திரும்பினார். இரண்டாம் ஏற்றத்தில் மறுபடி அடித்துக் கிளம்பி, தனியாக வந்து கோட்டைத் தாண்டினார். ஒரு விரலை வானத்தைப் பார்த்து நீட்டினார். அப்புறம் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் முன்னால் வார்த்தை வராமல் அழுதார்.

இரவு பட்டியல் வந்ததும் பார்த்தேன். மஞ்சள் ஜெர்சி மத்தியூ வான் டெர் பூல். இரண்டாவது அலாஃபிலிப், 8 நொடி பின்னால்.